படமா, பயனா? கலைக்கூடத்துக்கும் வடிவமைப்புக்கும் இடையில் எமது பிள்ளைகள்

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்து சில நாட்களில், கொலன்னாவையில் எமது வீட்டுக்கு ஒரு தகப்பன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இரும்புப் பட்டறை ஒன்றில் லேத் வேலை செய்பவர். மகள் தமிழ்மொழிமூலப் பாடசாலையில் என்னிடம் சித்திரம் கற்றவள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை முதலாவதாகப் போடுவது என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு ஓவியம் படிக்க ஆசை. தகப்பனுக்கு அதில் மனமில்லை.

“சேர், புள்ளட கை நல்லம்தான். இல்லெண்டு செல்லல்ல. ஆனா நாலு வருஷம் படம் கீறிக் கீறிப் படிச்சி என்னத்தச் செய்யிற? டிசைன் எண்டாப் பரவாயில்ல, கொம்பனியில வேல ஈக்கி. இந்தப் படம் கீறுற ஆர்ட் வேணாம். மார்க்கத்திலயும் சரியில்ல எண்டு செல்றாங்க.”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆகுமா என்பது ஒன்று. பயனுண்டா என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே விடையைத் தகப்பன் தயாராக வைத்திருந்தார். வடிவமைப்பு ஆகும், பயனும் உண்டு. ஓவியம் ஆகாது, பயனும் இல்லை. இது அவர் தனியாகக் கண்டுபிடித்த பிரிப்பு அல்ல. எமது புலமைப்பரிசில் நிதியங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கல்யாண வீட்டுப் பேச்சுக்களும் இதே பிரிப்பைத்தான் செய்கின்றன. பல்கலைக்கழகங்களும் தம் வழியில் இதைச் செய்திருக்கின்றன. இந்தப் பிரிப்புப் பிழையானது என்பதே என் கருத்து. ஓவியக் கூடத்தை விட்டுவிட்டு வடிவமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ள நினைக்கும் சமூகம் ஈற்றில் இரண்டையும் இழக்கும்.

ஒரு நகரம், இரண்டு வாசல்கள்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கலைக்கூடக் கலை என்று இங்கே நான் சொல்வது ஓவியம், சிற்பம், அச்சுப்பதிப்பு போன்றவற்றைக் கையால் செய்து செய்தே படிக்கும் படிப்பை. கைத்தொழில் வடிவமைப்பு என்பது கதிரை, போத்தல், மின்குமிழ், தையல் இயந்திரம் என்று பலருக்காகத் திரும்பத் திரும்ப உற்பத்தியாகும் பொருள்களுக்கு உருவமும் பாவனை முறையும் தீர்மானிக்கும் படிப்பு.

கொழும்பு 7, ஆல்பர்ட் கிரசன்ட்டில் இருக்கும் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான இடம். முன்னர் களனிப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருந்து, 2005இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வடிவமைப்புப் படிக்க விரும்புவோர் கட்டுபெத்தையில் உள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்; அங்கே அது கட்டடக்கலைப் பீடத்தின் கீழ் வருகிறது. இரண்டு இடத்துக்கும் இஸட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. ஆக, ஒரே நகரத்தின் இரண்டு முனைகளில் இரண்டு வாசல்கள். ஒரு வாசலால் போகிறவர் மற்ற வாசலால் போகிறவரைக் காணாமலே பட்டம் பெற்று வெளியேறலாம்.

மொழியைப் பார்த்தால் நிலைமை இன்னும் இறுக்கம். முதலாவது இடத்தில் பெரும்பாலும் சிங்களம், இரண்டாவதில் ஆங்கிலம். தமிழில் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்கோ, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போக வேண்டும். கொலன்னாவை, வெள்ளம்பிட்டி, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று தலைநகரைச் சுற்றித் தமிழில் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தை விட நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இருக்கும் பல்கலைக்கழகமே மொழியால் கிட்ட. பெண்பிள்ளை என்றால் அந்தத் தூரம் வீட்டில் வேறொரு விதமாகவும் அளக்கப்படும்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கற்கைநெறியின் பெயரைக் கவனியுங்கள்: ‘சித்திரமும் வடிவமைப்பும்’. நடுவில் ஒரு ‘உம்’. கொழும்பில் பதினைந்து, இருபது கிலோமீற்றர் இடைவெளி விட்டுக் கிடக்கும் இரண்டு துறைகளை அந்தப் பெயராவது ஒன்றாக வைத்திருக்கிறது.

பாடசாலைக்குள் வந்தால், குற்றவாளிகளின் வரிசையில் நானும் நிற்க வேண்டியவன். பல வருடங்களாக என் மாணவர்களைப் பார்த்துக் கீறப் பழக்காமல், ஏற்கெனவே கீறிய படத்தைப் பார்த்துக் கீறவே பழக்கினேன். பெரஹராவும் அறுவடையும் பஸ் தரிப்பிடமும் அவர்களுக்குப் பாடம். புள்ளி வந்தது. பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்கு விட்டுக்கொடுத்தேன். ஈரம் காயாத படத்தை வைக்க ஓர் இடம் கேட்டு நான் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. உளச்சார்புப் பரீட்சையில் ஒரு பொருளை முன்னால் வைத்து, இதைக் கவனித்துக் கீறு, பிறகு இதை வேறொரு தேவைக்கு மாற்றிக் காட்டு என்று கேட்டால், எங்கள் பிள்ளை திகைத்துப்போவது அவளுடைய பிழையல்ல.

பிரிவு எப்போது வந்தது

இந்த இரண்டும் தொடக்கத்திலிருந்தே பிரிந்து கிடந்தன என்று நினைப்பது தவறு. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் ஒரு கலைப் பாடசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடமே தொழிற் பிரிவும் சேர்ந்தது. ஓவியமும் செதுக்கலும் ஒரு பக்கம். மட்பாண்டமும் செங்கல்லும் ஓடும் மறுபக்கம். பின்னர் அதன் பெயரே கைத்தொழிற் கலைகளின் பாடசாலை என்றாயிற்று. குடியேற்ற அரசுக்கு அதில் வர்த்தக நோக்கம் இருந்தது உண்மை. உள்ளூர்க் கைவினைஞனுக்கு ஐரோப்பிய வரைதல் முறையைப் புகுத்தியதும் உண்மை. ஆனாலும் தூரிகை பிடித்தவனும் சக்கரம் சுற்றியவனும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். காலப்போக்கில் அந்த நிறுவனம் நுண்கலைக் கல்லூரியாக மாறியது. ஓவியனின் மதிப்புக் கூடியது. குயவன் பின்னுக்குப் போனான்.

அந்தக் கல்லூரியின் அதிபராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சேர்ந்து 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, அவர்கள் எப்படி வயிறு கழுவினார்கள்? பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில் ஓவியம் தீட்டினார்கள். பின்னுக்குப் போன கைத்தொழில்தான் திரும்பி வந்து ஓவியனுக்குச் சோறு போட்டது.

ஜெர்மனியில் வைமார் நகரில் 1919இல் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பௌஹவுஸ் பாடசாலையை வடிவமைப்புத் துறை தன் தாய்வீடு என்று சொல்லும். அங்கே தளபாடம் செய்யப் போகிறவனும் துணி நெய்யப் போகிறவளும் முதலில் ஓர் அடிப்படைப் பாடநெறியைக் கடக்க வேண்டும். நிறம், வடிவம், பொருளின் தன்மை, கையின் அசைவு ஆகியவையே பாடம். அதுவும் குறையற்ற இடமல்ல. பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைப் பக்கம் தள்ளினார்கள். அப்படித் தள்ளப்பட்ட அன்னி அல்பர்ஸ், நெசவையே சிந்தனைக்குரிய கலையாக்கி, 1949இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறிச் சத்தத்தில் வளர்ந்த சமூகத்துக்கு இந்தச் செய்தி அந்நியமானதாக இருக்கக் கூடாது. தறி எங்களிடம் இருந்தது. தறியை ஒரு பல்கலைக்கழகப் படிப்பாக நினைத்துப் பார்க்கும் துணிவுதான் இருக்கவில்லை.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை 1908இல் வெளியிட்டபோது, கோயில் சுவரோவியத்தையும் பூட்டையும் பாயையும் பாக்குவெட்டியையும் ஒரே மரியாதையோடு எழுதினார். பாவனைப் பொருள் கலைக்குக் கீழானது என்ற எண்ணம் அவரிடம் இல்லை. அவர் புவிச்சரிதவியல் படித்த விஞ்ஞானி என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கெண்டியும் மயிலும்

இனி, ‘ஆகுமா’ என்ற கேள்வி. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்களிடையே கருத்துப் பேதம் உண்டு. அதை அவர்களிடமே கேட்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. எங்களுடைய மரபில் படமும் பயனும் பிரிந்து கிடந்தனவா என்பதே என் விசாரணை.

பக்தாதில் அப்பாஸிய வஸீராக இருந்த இப்னு முக்லா 940இல் மறைந்தார். அரபெழுத்துக்கு அவர் அளவுமுறை ஒன்றை வகுத்தார் என்பது வரலாறு. கலத்தின் நுனி தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அலகு. அலிபின் உயரம் இத்தனை புள்ளி; அந்த அலிபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு. இதைக் கலை என்பதா, வடிவமைப்பு என்பதா? ஒரு கை எழுதும்போது கலை. இன்னொரு கை அதே அளவால் திரும்ப எழுத முடிவதால் வடிவமைப்பு. அதைக் கற்பித்த முறையும் எங்களுக்குப் பழக்கமானது. உஸ்தாதின் முன்னால் உட்கார வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும், திருத்தம் வாங்க வேண்டும், திரும்ப எழுத வேண்டும், ஒருநாள் இஜாஸா கிடைக்கும். இன்றைய கலைக்கூடத்தில் மாணவர் தன் வேலையைச் சுவரில் தொங்கவிட்டு ஆசிரியரின் விமர்சனத்துக்கு நிற்பதும் இதே முறைதான். ஓதப் பள்ளியில் லெப்பையின் முன் பாடம் கொடுத்த எவருக்கும் அந்தப் பயமும் அந்தப் பலனும் தெரியும்.

1206இல் அல்ஜஸரீ எழுதி முடித்த இயந்திரக் கருவிகள் பற்றிய நூல் இன்னும் நேரடியான சாட்சி. ஆறு வகைகளில் ஐம்பது கருவிகள். அவற்றிலே கை கழுவுவதற்கும் வுழூ செய்வதற்குமான கருவிகளும் உண்டு. பணியாள் ஒருவர் நின்று தண்ணீர் ஊற்றுவதை விரும்பாத அரசருக்காக அப்படியொன்றைச் செய்ததாக அவர் சொல்கிறார். இன்னொன்றில் மயிலின் அலகிலிருந்து தண்ணீர் வருகிறது. நூலின் பிரதிகளில் உள்ள படங்களைப் பாருங்கள். குழாயும் மிதவையும் வால்வும் உள்ளே எப்படி இருக்கின்றன என்று காட்டும் தொழில்நுட்ப வரைபடம் அது. அதே தாளில் தங்கமும் நீலமும் இட்ட சித்திரமும் அதுவே. வரைந்தவர் பொறியியலாளரா, ஓவியரா என்று கேட்டால், அந்தக் கேள்வி அவருக்கு விளங்கியிருக்காது.

இதே வுழூப் பாத்திரத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியினர் 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தோன்ற அந்த அறிக்கையே வழி திறந்தது. நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களில் மிகச் சிறந்ததாக அவர்கள் எடுத்துக்காட்டியது லோட்டாவை; அதாவது செம்பை. இடுப்பில் எப்படி அமர்கிறது, தண்ணீர் எப்படி விழுகிறது, எந்தளவு பாரம், கழுவுவது எப்படி, பிடித்தால் கைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்விகளை அந்தச் செம்பை வைத்தே அடுக்கினார்கள்.

எங்கள் கல்யாண வீடுகளில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் கெண்டியும் படிக்கமும் கொண்டுவந்து கை கழுவ வைத்தது அவ்வளவு பழைய காலமல்ல. கெண்டியின் மூக்கு எந்தக் கோணத்தில் வளைந்தால் தண்ணீர் உடுப்பில் தெறிக்காது என்பதை ஒரு பித்தளைத் தொழிலாளி அறிந்திருந்தார். அந்தக் கெண்டி இப்போது கண்ணாடி அலுமாரிக்குள். பள்ளிவாசலில் அதன் இடத்தில் குழாய் வரிசை. ஒரு வயோதிபர் அங்கே எப்படிக் குந்துகிறார், முழங்கால் ஏலாதவர் கால் கழுவ எதைப் பிடிக்கிறார், ஒருவர் வுழூ செய்து முடிக்க எவ்வளவு தண்ணீர் வீணாக ஓடுகிறது என்று யார் கவனித்தார்கள்? ஓடும் ஆற்றிலும் தண்ணீரை வீணாக்காதே என்று பயானில் கேட்கிறோம். குழாய் வைக்கும்போது அது ஞாபகம் வருவதில்லை. அல்ஜஸரீயின் கேள்வி எண்ணூறு வருடங்களுக்குப் பிறகும் விடை காணாமல் எங்கள் ஹவுழடியில் நிற்கிறது.

நஸ்ரீன் முஹம்மதியின் கோடு

ஓவியம் என்றால் ஆள் உருவம் என்ற எண்ணம் எமது வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அதை அசைக்க நான் மாணவர்களுக்குக் காட்டுவது நஸ்ரீன் முஹம்மதியின் படங்களை. 1937இல் கராச்சியில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, இலண்டன் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்தவர். 1972 முதல் 1990இல் மறையும் வரை பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடத்தில் கற்பித்தார். கட்டட வரைஞர் பாவிக்கும் மேசை, அளவுகோல், மைப்பேனா, பென்சில் ஆகியவையே அவருடைய ஆயுதங்கள். பெரும்பாலான படங்களுக்குப் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. தாளில் இருப்பது கோடுகள் மட்டும்.

அவற்றை இஸ்லாமியக் கோலவடிவத்தின் தொடர்ச்சி என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பள்ளிவாசல் சுவரின் கோலவடிவம் தன்னையே திரும்பத் திரும்பச் சொல்லி நிறைவடைவது. எந்தப் பக்கமும் ஒரே பாரமாக இருக்கும். நஸ்ரீனின் கோடுகள் நிறைவடைவதில்லை. நெருங்கி வந்து விலகும், ஒரு பக்கம் சாயும், தாளின் ஓரத்தில் மெலிந்து காணாமற்போகும். கட்டட வரைஞரின் கருவியால் கீறப்பட்டிருந்தாலும் அதை வைத்து எதையும் கட்ட முடியாது. கருவி பயனுக்குரியது, படம் பயனைத் தாண்டியது. அவர் மார்க்க காரணத்துக்காக உருவத்தைத் தவிர்த்தவர் என்று சொல்லி எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்வதும் நேர்மையல்ல. அவர் கலையின் தேவை அவரை அங்கே கொண்டுபோனது. பிந்திய வருடங்களில் நரம்பு நோய் அவர் உடலின் கட்டுப்பாட்டைப் பறித்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கோடுகள் தளம்பவில்லை. நியூயோர்க்கின் மெற் புரூயர் அருங்காட்சியகம் 2016இல் திறக்கப்பட்டபோது தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக வைக்கப்பட்டது இவருடைய படைப்புகளே.

ஒரு பிள்ளை இதிலிருந்து எதைக் கற்கலாம்? அளவுகோலைப் பிடித்தால் வடிவமைப்பு, தூரிகையைப் பிடித்தால் ஓவியம் என்ற எல்லைக் கல் போலியானது என்பதை. உருவம் கீற மனம் ஒப்பாத பிள்ளைக்கும் கலைக்கூடத்தில் ஆயுள் முழுக்கச் செய்ய வேலை இருக்கிறது என்பதை.

தோம்பும் மீதொட்டமுல்லையும்

இரண்டு வகை வரைதலும் ஒன்றையொன்று தேடிப் போகும் ஈழத்துப் படைப்பு ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலை நூல் அது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. முற்றுப்பெறாத தோம்பு என்று தமிழில் சொல்லலாம். யுத்தத்தால் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறுகிறார்கள். அந்தப் படம் கட்டட வரைஞரின் முறைப்படி அளவான கோடுகளில் திரும்ப வரையப்படுகிறது. அடுத்து, அவர்கள் சொன்ன கதையை உள்வாங்கி ஓவியர் ஒரு சித்திரம் தீட்டுகிறார். ஒரு வீட்டுக்கு மூன்று வரைதல்கள்.

இதில் எது உண்மையான வீடு? கட்டட வரைஞரின் தாள் நேர்த்தியானது. ஆனால் அது நினைவின் பிழையைத் திருத்தும் வாத்தியார் போலவும் தோன்றும். வீட்டுக்காரர் ஒரு கிணற்றை அளவுக்கு மீறிப் பெரிதாகக் கீறினால், அது பிழையா, அவருக்கு அந்தக் கிணறு அவ்வளவு பெரியதா? ஓவியரின் தாள் அந்தக் கேள்வியை விட்டுவைக்கிறது. ஆனால் முதல் இரண்டு தாள்களும் இல்லாவிட்டால் அந்தச் சித்திரம் வெறும் துயரப் படமாகிவிடும். மூன்றும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதே இந்நூலின் பலம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்களில் எவரும் இந்நூலைப் புரட்டினால் தன் வீட்டுக் கதவு எந்தத் திசையில் திறந்தது என்று நினைக்காமல் இருக்க மாட்டார். அவர்களுடைய பிள்ளைகளில் இன்று எத்தனை பேருக்கு உம்மாவின், வாப்பாவின் வீட்டைக் கீறத் தெரியும்?

எங்கள் ஊருக்கும் இது பொருந்தும். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவையும் வெள்ளம்பிட்டியும் தண்ணீரில் கிடந்தன. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின; வீடுகள் புதைந்தன. கொழும்பின் குப்பை கொலன்னாவையின் ஏழைகள் மேல் விழுந்த நாள் அது. புதைந்த வீட்டின் பரப்பளவு ஏதாவதொரு படிவத்தில் வரும். தையல் மெஷின் எந்த ஜன்னலடியில் இருந்தது, பிள்ளை எந்த மூலையில் இருந்து பாடம் படித்தது என்பது எந்தப் படிவத்திலும் வராது. அதைப் பதிய ஓவியக் கை வேண்டும். குப்பை மேடு ஏன் அவ்வளவு உயர்ந்தது, ஒரு பொருளைச் செய்யும்போதே அதன் முடிவைப் பற்றி யார் யோசித்தார்கள், வெள்ளம் வரும் தெருவில் அலுமாரியின் கால் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்க வடிவமைப்புக் கை வேண்டும். பார்க்கப் பழகாத கண்ணுக்கு இந்த இரண்டில் எந்தக் கேள்வியும் தோன்றாது. பார்க்கப் பழக்குவது கலைக்கூடம்.

சரி, என்னத்தச் செய்யிற?

தகப்பனின் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஓவியம் படித்தவருக்கு நிச்சயமான தொழில் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். பலர் ஆசிரியர்களாகிறார்கள், சிலர் வேறு துறைக்குப் போகிறார்கள். வடிவமைப்புக்கு வேலை அதிகம் என்பதும் சரிதான். ஆனால் ஓவியக் கூடத்தைக் கடக்காமல், ஆறு மாதக் கணினி வகுப்பில் மென்பொருளை மட்டும் படித்துவிட்டு ‘டிசைனர்’ ஆகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே காணலாம். ஒரே கல்யாண அழைப்பிதழ், ஒரே கடைப் பலகை, ஒரே தங்க நிற எழுத்து. மென்பொருள் கொடுத்ததை அவர்கள் எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு கண் இருக்கவில்லை.

கொலன்னாவையிலிருந்து கிட்டத்தான், கோட்டையில் பாராளுமன்றக் கட்டடம் இருக்கிறது. 1982இல் திறக்கப்பட்டது, ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பு. அதன் சபா மண்டபத்தில் தொங்கும் ஓலை வடிவ விளக்கு, ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனாநாயக்கவின் கை வேலை. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைக்கு ஏனா டி சில்வாவின் பத்திக் துணி. பாவாவோடு பணியாற்றிய இஸ்மத் ரஹீம் ஓவியர், கட்டடக்கலைஞர் இரண்டுமாக இருந்தவர். அந்தக் கட்டடங்களை உலகம் தேடி வந்து பார்ப்பதற்குக் காரணம் சீமெந்து மட்டும் அல்ல. ஓவியரும் நெசவாளரும் தச்சரும் கட்டடக்கலைஞரோடு ஒரே மேசையில் இருந்தார்கள்.

ஆகவே சில காரியங்களைச் செய்யலாம். எமது புலமைப்பரிசில் நிதியங்கள் மருத்துவத்தையும் பொறியியலையும் கணக்கியலையும் பார்ப்பது போல, உளச்சார்புப் பரீட்சையில் தேறிய பிள்ளையையும் பார்க்கட்டும். வர்ணமும் தாளும் மலிவான பொருள்கள் அல்ல. கொழும்பு மாவட்டத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து அந்தப் பரீட்சைக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம். என் போன்றவர்களுக்கு அங்கே பழைய பிழையைத் திருத்திக்கொள்ளவும் ஓர் இடம் கிடைக்கும். பள்ளிவாசல் பரிபாலன சபைகள் அடுத்த முறை வுழூச் செய்யுமிடத்தை உடைத்துக் கட்டும்போது, கொந்தராத்துக்காரரைக் கூப்பிட முன்னர் வடிவமைப்பு மாணவர் இருவரை ஒரு ஜும்ஆ நாள் அங்கே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லட்டும்.

அன்று அந்தத் தகப்பனிடம் நான் இவ்வளவும் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். “தம்பி, நீங்க கேற் ஒண்டு அடிக்கிறதுக்கு முந்தி என்ன செய்வீங்க?” அவர் யோசிக்காமலே சொன்னார்: “சோக்கால தகட்டில கீறிப் பாப்பன். கீறாம எப்பிடி சேர் வெட்டுற?”

மகள் சிரித்தாள். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அது வேலைக்கிக் கீறுற” என்றார். அது வேறு, இது வேறு என்றுதான் அவர் இன்னும் நினைக்கிறார். படிவத்தில் வடிவமைப்பு முதலாவதாகவும் ஓவியம் இரண்டாவதாகவும் போயிருக்கிறது. இரண்டு உளச்சார்புப் பரீட்சைக்கும் தோற்ற வாப்பா சம்மதித்திருக்கிறார். பிள்ளை இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். போன கிழமை அவள் கீறிக்கொண்டு வந்தது பட்டறையில் குனிந்து வேலை செய்யும் ஒருவரின் கைகளை, முகம் இல்லை. விரல்கள் சோக்கைப் பிடித்திருந்த விதம் சரியாக வந்திருந்தது. கட்டைவிரலைத் திரும்பக் கீறச் சொன்னேன்.